வெளிச்சத்தைத் தின்ற சுடர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரிந்த சுடர் தின்ற கதை ஒன்று வைத்திருக்கிறேன்.

ஆண்டிஜான் ஊரில் பேருந்துகளுக்குப் பல்சக்கரம் செய்யும் பட்டறை. அங்கே முஹய்யோவின் கையில் ஒரு லேசர் இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஒளியால் இரும்போடு இரும்பைத் தைக்கும் யந்திரம். அதை வாங்கச் சொல்லி முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான். நாளை தாஷ்கந்திலிருந்து வாடிக்கையாளர்கள் வந்து ஒரு சக்கரத்தை அறுத்துப் பார்ப்பார்கள். வெல்டிங் நான்கு மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் யந்திரத்துக்குப் பூட்டு. அவள் பழையபடி பொட்டலம் கட்டும் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

போன வாரம் ஐந்து இறங்கியது. இன்று காலை அறுத்த மூன்று சக்கரங்களிலும் இரண்டைத் தாண்டவில்லை.

"கவலைய விடு தங்கச்சி," என்றார் ஹம்ரகுல். முப்பது வருஷம் கையால் வெல்டிங் அடித்தவர். "ஒளி இரும்புல படுற இடத்துல இன்னைக்குச் சுடர் எப்படி எரியுது பாத்தியா? மயில் கழுத்து மாதிரி நீலம்! பெரிய தீ, பெரிய பிடி."

"பெரிய தீதான், அண்ணே. பிடியைத்தான் காணோம்."

யந்திரத்தின் வாயில் ஒளியை அளந்தாள். முழுசாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்தாள். அதிலும் குறையில்லை. அப்படியானால் புறப்பட்ட ஒளி இரும்புக்குப் போய்ச் சேருமுன் எங்கே போகிறது? நடுவில் இருப்பது அந்தச் சுடர் மட்டும்தானே!

ஒரு செப்புக் குழாயை வளைத்துச் சுடரின் இடுப்பில் காற்று அடிக்கும்படி வைத்தாள். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே ஒரு துண்டை வெல்டிங் செய்து அறுத்து, ஆழம் தெரிய அமிலம் தடவிப் பார்த்தாள். காற்றுப் பட்டு வெல்டிங் கறுத்துப் பொரிந்திருந்தது. ஆனால் மூன்றரை இறங்கியிருந்தது.

"திருடன் மாட்டினான்!" என்று கத்தினாள். "இரும்பு ஆவியும், வெல்டிங் கறுக்காம இருக்க நாம ஊதுற வாயுவும் சூட்டுல சிதறி மேகமா நிக்குது, அண்ணே. பிளாஸ்மா. வர்ற ஒளிய அதுவே குடிச்சிட்டுக் கொழுக்குது."

"போன வாரம் மட்டும் ஏன் குடிக்கல?"

நல்ல கேள்வி. அவள் யந்திரத்தின் பின்னால் போய்ப் பார்த்தாள். பழுப்புச் சிலிண்டர் நின்ற இடத்தில் சாம்பல் நிறச் சிலிண்டர் நின்றது.

"ஹீலியம் எங்கே?"

ஹம்ரகுல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பக்கத்துத் தெருவுல கல்யாணம். பலூனுக்குக் கேட்டாங்க. கல்யாண வீடு கேட்டா இல்லேங்கலாமா? ஆர்கான் மாட்டி வெச்சேன். ரெண்டும் எரியாத வாயுதானே."

"எரியாதுதான். ஆனா ஆர்கான் சட்டுனு சிதறி மேகமாயிடும். ஹீலியம் கல்லுளிமங்கன், லேசுல அசையாது. நடங்க!"

கல்யாண வீட்டில் பழுப்புச் சிலிண்டரின் கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தது. புலாவ் சாப்பிடாமல் யாரும் அதைத் தொடக்கூடாது என்று மணமகனின் தாய் குறுக்கே நின்றுவிட்டாள். இரண்டு பேரும் தட்டைக் காலி செய்த பிறகுதான் வழி கிடைத்தது. மீதி கால்வாசி இருந்தது. வண்டியில் ஏற்றினார்கள்.

ஹீலியம் பாய்ந்தது. மயில் கழுத்து மறைந்து, நகக்கண் அளவு சுடர் நின்றது.

"அடப் பாவமே, பிறந்தநாள் மெழுகுவத்தி!" என்று ஹம்ரகுல் முகம் சுளித்தார்.

அறுத்தார்கள். ஐந்து.

அவர் அளவுகோலை வாங்கித் தாமே இரண்டு முறை வைத்துப் பார்த்தார். பிறகு சிலிண்டர் கழுத்திலிருந்த ரிப்பனை அவிழ்த்து யந்திரத்தின் கைப்பிடியில் கட்டினார்.

மறுநாள் தாஷ்கந்துக்காரர்கள் அறுத்தபோதும் அதே ஐந்து. அவர்களில் ஒருவர், "சுடரே காணோமே, வேலை செய்யுதா இது?" என்று கேட்டார்.

முஹய்யோ வாய் திறக்குமுன் ஹம்ரகுல் முந்திக்கொண்டார். "தெரியாதா உங்களுக்கு? பெரிய சுடர் ஒளிய வழியிலேயே தின்னுரும்!"

உங்கள் வீட்டு அடுப்பில் தீ சிறிதாக நின்றாலும், சூடு முழுவதும் பானைக்கே போய்ச் சேரட்டும், கண்ணுகளா.