ஒரே ஒரு பெயர் வந்த நாள்

மூன்றாவது செவ்வாயும் வண்டி வரவில்லை என்று கருத்தம்மாள் போன் செய்தபோது தேவயானிக்கு எரிச்சல்தான் வந்தது. திராட்சை வாங்கும் கம்பெனிக்கு அவள் எழுதிய புரோகிராம், அன்றைக்குப் பழம் ஏற்றப் பதிவு செய்த விவசாயிகளின் பெயர்களைச் சர்வரிலிருந்து எக்ஸ்எம்எல் என்ற கோப்பாக வாங்கி, ஊர்வாரியாகப் பிரித்து டிரைவருக்கு அனுப்பும். நாற்பது ஊருக்கு ஒழுங்காக ஓடுகிறது. காமயகவுண்டன்பட்டிக்கு மட்டும் என்ன கேடு?

"சரியாப் பதிஞ்சீகளாக்கா?"

"பதிஞ்சேன் ஆத்தா. இங்கன யாரும் இல்லைன்னு டிரைவருக்கு வந்துச்சாம். நான் இருக்கேன்ல. ரெண்டு வாரப் பழம் அழுகிப்போச்சு. இன்னைக்கு வெட்டுனதும் போச்சுன்னா கொடியத்தேன் வெட்டணும்."

"மத்தவுக பழமெல்லாம் போயிருச்சா?"

"செவ்வாக்கெழம யாரும் வெட்ட மாட்டாக. அன்னைக்குத்தேன் எனக்கு ஆள் கிடைக்கும். மத்த நாளெல்லாம் பெரிய தோட்டத்துக்குப் போயிருவாக."

தேவயானி அந்த ஊரின் அன்றைய பட்டியலைத் திறந்து பார்த்தாள். எக்ஸ்எம்எல்லில் குறையே இல்லை. கருத்தம்மாள் என்று ஒரே ஒரு பெயர். கோளாறு அதைப் படிக்கும் இடத்தில் இருந்தது. இரண்டு பெயர் வந்தால் பட்டியலாகக் கிடைக்கும். ஒன்றே வந்தால் வெறும் பெயராகக் கிடைக்கும். தேவயானி எழுதிய வரியோ பட்டியலைத் தேடி, காணாவிட்டால் யாரும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

பத்துப் பெயர் போட்டுச் சோதித்தவளுக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தேனியில் இரண்டு வருடமாகத் தனியாக இருந்துகொண்டு, ஆபீஸ் ஆட்களைத் திரையில் மட்டுமே பார்க்கிற தனக்கே தோன்றவில்லையே என்று வலித்தது.

நான்கு வரி திருத்தி மறுபடி ஓட்டினாள். காமயகவுண்டன்பட்டி, ஒருவர் என்று வந்தது. டிரைவர் வினோத்ராஜைத் தானே கூப்பிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

நாலரை மணிக்குக் கருத்தம்மாள் பேசினாள். "ஏத்திவிட்டாச்சு ஆத்தா. ஒத்த ஆளுக்குன்னு வண்டி வந்துச்சு. நாளைக்குத் தேனிக்கு வாரேன், பழம் கொண்டாரேன். வீட்டுல எத்தன பேரு?"

தேவயானி திரையை அணைத்தாள். "நான் ஒருத்திதேன்க்கா."

கருத்தம்மாள் உடனே சொன்னாள். "மத்தியானம் வாரேன். சோறு மட்டும் வையி, கொழம்பு நான் கொண்டாரேன். சேந்து திம்போம்."

தேவயானி போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்தாள். இரண்டு பேருக்கு எவ்வளவு போடுவது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.