பூட்டு சொல்லும் சேதி

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு எதற்கும் நேரம் கொடுக்கத் தெரியவில்லை. லிஃப்ட் பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் போதாது, பத்துத் தரம் குத்துகிறார்கள். என் கடைக்கு வருகிறவன் சாவி முழுதாக உள்ளே போகும் முன்பே திருகி உடைத்துவிட்டு, பூட்டு சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு நிற்கிறான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவர்கள் ஆக்கவே பொறுப்பதில்லை.

எல்லாரிலும் மோசம் எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பின் முதலாளி. டயர் வியாபாரத்தில் பெரிய ஆளானவர். கிளப்பை வாங்கிய இரண்டு வருஷத்தில் நாலு கோச்சுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பிய விதம் எனக்குத் தெரியும். அந்த வேலையை ஒவ்வொரு தரமும் செய்தவன் நான். கோச் மைதானத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார். கிளப் கிளார்க் எனக்குப் போன் போட்டு, கோச் ரூம் பூட்டை மாற்றணும் என்பார். நான் போய் மாற்றுவேன். அந்த மனுஷர் வியர்வையோடு வந்து சாவியைப் போடுவார். திரும்பாது. அதுதான் சேதி. அவருடைய சாமான்கள் அதற்குள் வாசல் காவலரிடம் போயிருக்கும். எங்கள் ஊரில் யாருக்காவது வேலை போனால், "அவனுக்குப் பூட்டு மாத்திட்டாங்க" என்று சொல்கிற அளவுக்கு அது பழகிப்போனது.

ஐந்தாவதாக வந்த கோச் என் மகளின் கணவர்.

நான் சிபாரிசு செய்யவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதலாளி நல்லவிதமாகப் பேசினார் மாமா என்றார் மாப்பிள்ளை. பேசும்போது யார்தான் கெட்டவிதமாகப் பேசுகிறார்கள்?

என் மகள் நர்ஸ். அவர் வேலைக்காக மூன்று ஊர், மூன்று ஆஸ்பத்திரி மாறினாள். பேத்தி எந்தப் பள்ளிக்கூடத்திலும் 'புதுப் பொண்ணு' என்ற பட்டத்தைத் தாண்டவில்லை. போன வாரம் மகள் கடைக்கு வந்தாள்.

"இனிமே நான் பெட்டி கட்ட மாட்டேன்ப்பா. வேற ஊர்ல வேலைன்னா அவர் மட்டும் போகட்டும்."

அழவில்லை. அழுதிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சொந்த மைதானத்திலேயே தோற்றது. செவ்வாய்க்கிழமை கிளார்க் போன் போட்டார். கோச் ரூம் பூட்டை மாற்றணுமாம். அவர் யார் வீட்டு மாப்பிள்ளை தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் பெரியவரே. உறவு வேற தொழில் வேறன்னு நீங்கதானே சொல்வீங்க."

சொன்னேன்தான். சாவியைச் சும்மா வெட்டித் தரச் சொன்ன என் மச்சானிடம் சொன்னது. அது சுற்றிக்கொண்டு வந்து என் தலையிலேயே விழுந்தது.

முடியாது என்று போனை வைத்திருக்கலாம். வைத்தால் இன்னொருவன் வந்து மாற்றிவிட்டுப் போவான். மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் மானத்துக்குப் பயந்து தானே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிடுவார், முதலாளிக்கு வேலை மிச்சம். இரண்டும் வேண்டாம் என்று கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஈரப் பனியனும் தைல வாசனையுமாக இருந்தது கோச் ரூமுக்குப் போகிற நடை. கதவில் இருந்த பூட்டைக் கழற்றினேன். புதுப் பூட்டைப் போடவில்லை. இரண்டையும் பைக்குள் போட்டு, ரூமுக்குள் இருந்த நாற்காலியை இழுத்துக் கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். பூட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. கிளார்க் வந்து பார்த்தார், ஆச்சா என்றார். முதலாளி வந்தால் ஆகும் என்றேன். மறுபடி வந்து கெஞ்சினார். மறுபடியும் அதையே சொன்னேன்.

ஓட்டை வழியாக முதலில் தெரிந்தது ஒரு வயிறு. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி முழுசாக வந்தார்.

என்ன இது அடம் என்றார். அடம் இல்லை, ஒரு கேள்வி என்றேன். நாலு பேரை மாற்றினீர்களே, அணி மேலே போனதா? ஒருவர் பந்தைத் தூக்கி அடிக்கச் சொன்னார். அடுத்தவர் தரையோடு உருட்டச் சொன்னார். மூன்றாமவர் ஓடு என்றார், நாலாமவர் நில் என்றார்.

"ரெண்டு வருஷத்துல நாலு மாமியார் மாறின மருமக, எந்த அடுப்பைப் பத்த வைப்பா முதலாளி?"

கிளார்க் சிரித்துவிட்டு, முதலாளி முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

முதலாளி மடையர் இல்லை. எதிரே இருந்த மேஜை விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொன்னார். பதினோரு பேரையும் மாற்ற முடியாது, ஒருவரைத்தான் மாற்ற முடியும். முதலில் இருந்தவரைப் பாவம் பார்த்து ஒரு வருஷம் வைத்திருந்தாராம். அணி கீழ்ப்பிரிவுக்கு விழுந்தது. மைதானத்தில் பாதி கேலரி காலியானது. அன்றைக்குத் தனக்காகப் பேச ஒரு நாயும் வரவில்லை என்றார்.

அவர் சொன்னது நடந்ததுதான். கேலரிக்கு வராமல் போனவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் பயிற்சி முடிந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். முழங்கால் வரை சேறு. கதவின் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முதலாளி பக்கம் திரும்பி, சனிக்கிழமை ஆட்டம் ஒன்றை மட்டும் கொடுங்கள், தோற்றால் நானே போய்விடுகிறேன் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயை மூடுங்க மாப்பிள்ளை. ஒரு ஆட்டத்துல என்ன தெரியும்? காத்தடிச்சா பந்து வெளியே போகும், அதுக்கு என் பொண்ணு பெட்டி கட்டணுமா?"

பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தாதவர், தலையைக் குனிந்துகொண்டார். நான் முதலாளியிடம் திரும்பினேன்.

"உங்க கிளப். அனுப்பணும்னா அனுப்புங்க, நான் யாரு தடுக்க? ஆனா இந்தத் தடவை பூட்டு பேசாது. இதோ நிக்கறார். மூஞ்சியைப் பாத்து நீங்களே சொல்லுங்க."

முதலாளி வாயைத் திறந்தார். கைக்கடிகாரத்தைத் திருகினார். கிளார்க்கைப் பார்த்தார், கிளார்க் கூரையைப் பார்த்தார். நாலு பேரை அனுப்பியவர் ஒருவரிடம்கூட அதை வாயால் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை நிமிர்ந்து நின்று காத்திருந்தார். சேறு காய்ந்து தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

"சரி," என்றார் முதலாளி கடைசியில். "சீசன் முடியற வரைக்கும் இருங்க. அப்புறம் பாப்போம். பழைய பூட்டையே போட்டுடுங்க பெரியவரே."

போட்டேன். வழக்கமாக ஒரு சாவி கோச்சுக்கு, ஒன்று ஆபீசுக்கு. ஆபீஸ் சாவியையும் கிளார்க்கிடம் வாங்கி மாப்பிள்ளை கையில் கொடுத்தேன்.

முதலாளிக்கு உறைத்தது. "என் பேச்சுல நம்பிக்கை இல்லையா?"

"பூட்டு விக்கறவன்கிட்ட வந்து நம்பிக்கை கேக்கறீங்களே."

இந்தத் தடவை கிளார்க் இருமவில்லை, நன்றாகவே சிரித்தார். முதலாளியும் சிரித்தார். என் தோளில் தட்டி, மகளிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, முடிஞ்சுடுச்சு மாமா, இனிமே நான் பாத்துக்கறேன் என்றார்.

நான் சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இன்னொரு பூட்டுக் கடை இருக்கிறது. அவனுக்குச் சம்பந்தியும் கிடையாது, மாப்பிள்ளையும் கிடையாது. அது முதலாளிக்கும் தெரியும். மகளிடம் சொல்லத்தான் போகிறேன், ஆனால் கவலைப்படாதே என்று இல்லை. சீசன் முடியும்வரை பெட்டி கட்டாதே, அவ்வளவுதான். கேட்டைத் தாண்டி வீதிக்கு வந்துவிட்டேன். முதலாளி மாடியிலிருந்து கூப்பிட்டு இன்னும் ஏதோ உறுதி சொன்னார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.