பின்னாலிருந்து வந்த குழல்

மார்ச் 12. ஒத்திகையில் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டுக்கும் வயர் செருக மறந்துவிட்டேன். என் தங்கை வாசித்து நான் பதிவு செய்த புல்லாங்குழல் அந்த இரண்டில் மட்டும்தான் வரும். எங்கள் மாலை வகுப்பு ஆசிரியர், மின்னணு இசைக்கு விருதுமேல் விருது வாங்கியவர், கண்மூடிக் கேட்டு, "குழல் பின்னாலேருந்து வந்து தோளைத் தொடுது பாரு," என்று உருகினார்.

முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். போய்ப் பார்த்தால் வயர் தரையில் கிடந்தது.

"சார், பின்னால ரெண்டும் ஓடவே இல்ல."

"உனக்குக் காது பழகல தம்பி. நாளைக் கச்சேரிக்கும் இப்படியே இருக்கட்டும், எதையும் தொடாத."

ஒத்திகை பார்க்க வந்திருந்த அவர் மனைவி சிரித்தார். "இருபது வருஷமா நான் கூப்பிடுறதே அவருக்குக் கேக்கல. நீ வேற."

விருது கொடுத்தவர்களுக்கும் இதே காதுதான் போலிருக்கிறது. கச்சேரியில் தன் குழலைக் கேட்கத் தங்கை வருகிறாள். நாளை சார் வருவதற்குள் இரண்டு வயரையும் செருகிவிட வேண்டும்.