கொலுவில் ஓர் எரிமலை

முப்பத்தாறாம் வருஷத்து நவராத்திரியில் கரமனை அக்கிரகாரத்தில் வீட்டுக்கு வீடு கொலுப்படிக்குப் பக்கத்தில் பழநி மலையோ திருப்பதி மலையோ எழும்பியிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் எரிமலை. செய்தவள் என் நாத்தனார் அனந்தலக்ஷ்மி. ஆற்றங்கரைக் களிமண்ணைக் குடம் குடமாகக் கொண்டுவந்து கூடத்தையே சேறாக்கினாள். தரையைத் துடைத்தது யார் என்று கேட்காதீர்கள். மன்னி என்று ஒருத்தி வேறு எதற்கு இருக்கிறேன்?

அனந்தம் அப்போது இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வயசுப் பெண்களுக்குப் புடவைப் பித்து, பாட்டுப் பித்து. இவளுக்கு எரிமலைப் பித்து. நான் தோசை வார்க்கும்போது வந்து பக்கத்தில் நின்றுகொள்வாள்.

"மன்னி, மாவு நீர்க்க இருக்கறதாலதானே இப்படிப் பரவறது? லாவாவும் இதே மாதிரியாக்கும். நீர்க்க இருந்தா மைல் கணக்கா ஓடி, தட்டையா அகலமா மலையாகும். அடை மாவு மாதிரி கெட்டியா இருந்தா ஓடாது, வாயிலேயே அடைச்சுக்கும். உள்ளே இருக்கற ஆவிக்குப் போக வழி வேண்டாமா? ஒருநாள் வெடிச்சுண்டு வரும்."

"உன் லாவா கிடக்கட்டும், என் தோசை கருகறது, நகரு" என்பேன். நகரமாட்டாள். எனக்கும் அவள் நகர வேண்டாம் என்றுதான் இருக்கும்.

மலையைப் பாதியாக அறுத்து வைத்தது போலச் செய்திருந்தாள், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி. அடியில் காவி பூசிய ஒரு குழி. பாறை உருகிக் கிடக்கும் இடமாம் அது. அங்கிருந்து உச்சிக்கு மூங்கில் குழாய். நடுவழியில் அது கிளை பிரிந்து பக்கவாட்டில் இன்னொரு சின்ன வாயில் போய் முடியும். மலையின் உடம்பு முழுக்கச் சாம்பல் ஓர் அடுக்கு, கரி கலந்த மண் ஓர் அடுக்கு. ஒரு தடவை சாம்பலைக் கக்கும், ஒரு தடவை லாவாவைக் கக்கும், அப்படித்தான் அது வளருமாம். விளக்கு வைத்ததும் குழியில் தணலை வைத்துச் சாம்பிராணி போடுவாள். இரண்டு வாயிலும் புகை வரும். அதைப் பார்க்கத் தெருவே திரண்டது. சுண்டல் எங்கள் வீட்டில்தான் முதலில் தீர்ந்தது.

என் மாமியார் லலிதாம்பாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. முந்தைய வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்து வரன் ஒன்று வந்தது. பூகம்பம் ஏன் வருகிறது என்று பையனின் அம்மா ஏதோ சொல்ல, அனந்தம் அது அப்படியில்லை என்று விளக்கம் கொடுத்துவிட்டாள். 'பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி' என்று பதில் வந்தது. அன்றிலிருந்து, யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது மாமியாரின் சட்டம்.

இந்த நவராத்திரிக்கு வந்த வரனின் பெயர் சேஷன். பர்மாவில் எண்ணெய்க் கம்பெனியில் பாறைகளைப் பரிசோதிக்கிற உத்தியோகம். லீவில் ஊருக்கு வந்திருந்தான். எங்களுக்குத் தூரத்து உறவான பழவங்காடி வெங்கடகிருஷ்ணன் மாமாதான் சொல்லி ஏற்பாடு செய்தார். பெண் பார்க்க என்று வேண்டாம், கொலு பார்க்க வருகிற மாதிரி அம்மாவும் பிள்ளையும் வரட்டும் என்றார்.

"அங்கே போப்பான்னு ஒரு மலை இருக்கு மன்னி. எரிமலைதான், அணைஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு. அவர் அதுல ஏறியிருப்பாரோ?"

"அவர் ஏறினாரோ இல்லையோ, நீ இங்கேயிருந்தே ஏறிட்டே."

அவள் சிரிக்கவில்லை. "இது நடக்கணும்னு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துண்டிருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடாதேங்கோ" என்றாள். எந்த வரனுக்கும் அவள் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவர்கள் வந்த அன்று நான் வீட்டு விலக்கு. தூரத்தில் இருப்பவள் நல்ல காரியத்தின்போது கண்ணில் படக்கூடாது என்று இரண்டாம் கட்டில் ஒரு மூலையில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். முகம் யாருடையதும் தெரியவில்லை. காது மட்டும் கூடத்தில் இருந்தது.

பாட்டு ஆயிற்று. அனந்தம் சுமாராகத்தான் பாடுவாள். அதன் பிறகு சேஷன் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது.

"அட! சாம்பலும் லாவாவும் மாறி மாறி இருக்கே. பக்கத்துல கிளைக் குழாய் வேற. புஸ்தகத்துல இருக்கறதைவிடச் சரியா இருக்கு. யார் பண்ணினது?"

சொல்லு, சொல்லு என்று நான் உள்ளே துடித்தேன். மாமியாரின் குரல்தான் வந்தது.

"எங்க ஸ்ரீகண்டனாக்கும். வெறுதே இருக்கமாட்டான், எதையாவது பண்ணிண்டே இருப்பான்."

ஸ்ரீகண்டன் என் வீட்டுக்காரர். பி.ஏ.யில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். அந்த மலைக்கு அவர் செய்த ஒரே காரியம், ஒருநாள் கால் தடுக்கி அதன் அடிவாரத்தை மிதித்தது.

"அவருக்கு நல்ல கை" என்றான் சேஷன். பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. அவளைப் பார்த்துத்தான் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. "இது என்ன மலைன்னு தெரியுமோ?"

மாமியார் தொண்டையைச் செருமினாள்.

"தெரியாது" என்றாள் அனந்தம்.

பாழாய்ப்போன அந்தத் தடுப்பை உதைத்துத் தள்ளிவிட்டுப் போய், 'பொய், எல்லாம் அவள் செய்தது' என்று கத்த வேண்டும் போல இருந்தது. விலக்கானவள் கொலுவுக்கு முன்னால் போய் நின்றால் வீடே இரண்டாகிவிடும். காப்பி டம்ளர் வைக்கிற சத்தமும், போய்வருகிறோம் என்கிற சத்தமும் கேட்டன. மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

விஜயதசமி கழிந்த பிறகு வெங்கடகிருஷ்ணன் மாமா வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"பையனுக்கு மனசில்லை. குட்டியைக் குத்தம் சொல்லலை, கேட்டேளா? அங்கே காட்டுல, எண்ணெய்க் கிணத்துக்கு நடுவில, ரெண்டே பேரா வருஷக்கணக்கா இருக்கணும். நான் பண்ற காரியம் கொஞ்சமாவது மனசிலாகற பொண்ணா இருந்தா நன்னாயிருக்கும்னு சொல்றான். ஆத்துல எரிமலையை வெச்சுண்டு, அது என்னன்னுகூட அவளுக்குத் தெரியலையேன்னு வருத்தப்பட்டான்."

மாமா பொட்டலத்தை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "இது உனக்கு. போப்பா மலையில அவனே பொறுக்கின கல்லாம். மலை பண்ணின கைக்குக் கொடுக்கச் சொன்னான். நீ வரதா இருந்தா அவன் ஆபீஸ்ல வேலைகூடப் பார்க்கறேன்னான்."

கறுப்புக் கல். உள்ளங்கையில் அடங்கும், மேலெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குதிகால் தேய்க்க ஆகுமோ?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மாமியார் மாமாவின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அதைப் பண்ணினது அனந்தமாக்கும். நான்தான் பயந்துண்டு... இப்பப் போய்ச் சொன்னா என்ன?"

"லீவு முடியறதுக்குள்ள கல்யாணம் ஆகணுமே அவனுக்கு. நேத்திக்குக் கல்லிடைக்குறிச்சியில வாக்குக் கொடுத்தாச்சு. பொண்ணு பூகோளம் படிச்சவளாம்" என்றார் மாமா.

அனந்தம் வந்து தன் அண்ணன் கையிலிருந்து கல்லை வாங்கிக்கொண்டாள். "ஓட்டையெல்லாம் உள்ளே மாட்டிண்ட ஆவி போன வழி" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் நல்லதுக்குன்னுதானேடீ சொன்னேன்" என்று அழுதாள். அனந்தம் அம்மாவின் கண்ணைத் தன் தலைப்பால் துடைத்து, "சாரமில்லைம்மா, போகட்டும்" என்றாள். அதட்டக்கூட இல்லை.

சமையலறையில் என்னிடம் வந்தபோதும் கல் கையில்தான் இருந்தது. எனக்கு நெஞ்சு ஆறவில்லை. "உங்கம்மா ஒரு வார்த்தையில உன் வாழ்க்கையையே கெடுத்துட்டா" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகுதான் அழுதாள்.

"அம்மா சொன்னது அம்மாவோட பொய் மன்னி. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். தெரியாதுன்னு நான்தானே சொன்னேன்."