அரை டின் பெயின்ட்டில் பிறந்த சாமி

சாம்பசிவம் அரை டின் பெயின்ட்டில் ஒரு சாமியைப் பெற்றெடுத்தார். அந்தச் சாமி மூன்றே வாரத்தில் வளர்ந்து ஆளாகி, பெற்றவரையே பூசாரி வேலைக்கு வைத்துக்கொண்டது. சம்பளம் கிடையாது, முட்டைகோஸ் மட்டும் மூட்டை மூட்டையாக வரும். கேமரன் மலையில் இதை யாரிடம் சொன்னாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நம்பவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது ஒரே ஆள்தான். அவருடைய மனைவி திலகம்.

திலகத்தைக் குறை சொல்ல முடியாது. சாம்பசிவம் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஆட்களை மேய்க்கிற மண்டோராக இருந்த நாளிலிருந்தே எதையும் பத்தாகப் பெருக்கித்தான் சொல்வார். ஆனால் அவருடைய தொண்டையைப் பற்றி மட்டும் யாரும் பெருக்க வேண்டியதில்லை. கீழே நின்று அவர் கத்தினால் மேலே கிரேனில் இருப்பவன் மட்டுமல்ல, கப்பலுக்குள் தூங்குகிற மாலுமியும் எழுந்து சட்டை மாட்டிக்கொள்வான். வேலை ஓய்ந்த பிறகு அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வலப்பக்கத்து வீட்டோடு பேச்சில்லை, இடப்பக்கத்து வீட்டோடும் இல்லை. பின்வீட்டுக்காரர் வீட்டையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் கிள்ளான் வெயில் செய்கிற வேலை என்பது சாம்பசிவத்தின் கட்சி. குளிரான இடத்தில் கோபம் எப்படி வரும், மலையில் ஒரு வீடு வாங்கிப் போட்டால் நான் பச்சைக் குழந்தை மாதிரி ஆகிவிடுவேன் என்று விடாமல் அரித்தார். கடைசியில் திலகம் இறங்கி வந்தாள். ஆனால் கையோடு ஒரு நிபந்தனையையும் கொண்டுவந்தாள்.

"இந்த வீட்டை விக்க வேணாம். அங்க சின்னதா ஒண்ணு வாங்கி ஒரு வருஷம் இருந்து பாப்போம். அங்கயும் போயி யாரோடயாச்சும் சண்டைன்னு என் காதுக்கு வந்துச்சு, அந்த வீட்டை வித்துட்டு இங்கயே வந்துறணும். அப்புறம் மலைங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது."

சாம்பசிவம் சம்மதித்தார். ஆயுசுக்கும் அவர் ஆசைப்பட்டது அந்தக் குளிர் ஒன்றைத்தான். அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாரா?

வீடு தானா ராத்தாவுக்கு ஏறி வருகிற சாலையில், தேயிலைத் தோட்டத்து ஓரமாக, ஒரு வளைவில் இருந்தது. குளிர் வந்தது, பனி வந்தது, முதல் சனிக்கிழமையே கோபமும் கூடவே வந்தது. தேயிலையோடு படம் எடுத்துக்கொள்ள வந்த கோலாலம்பூர்க்காரர்கள் காரை அவர் கேட்டுக்கு நேராக நிறுத்திவிட்டு மலையேறிப் போய்விட்டார்கள். காய்கறி லாரிகள் பனியில் வளைவு தெரியாமல் அவர் சுவரை உரசிக்கொண்டு போயின. சாம்பசிவம் பல்லைக் கடித்தார். கடித்த கடியில் ரெண்டு பல் ஆடியது என்று சொல்வார், அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அந்த நேரம் பார்த்து மகள் துளசிக்குப் பிரசவம். திலகம் கிள்ளானுக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று, "வாயை அடக்குங்க" என்பதை மட்டும் சொன்னாள்.

அடக்கினார். வாய்க்குப் பதிலாகக் கையை வைத்து வேலையை முடிக்கலாம் என்று பார்த்தார். கேட்டோரம் இடுப்பளவுக்கு ஒரு பாறை நின்றது. பனியிலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று, சமையல்கட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய அரை டின் மஞ்சள் பெயின்ட்டை அதன்மேல் பூசினார். கேட்டுக்கு வாங்கிய சிவப்பில் நடுவே ஒரு பட்டை போட்டார். வெளிச்சம் பட்டால் மினுங்கட்டுமென்று பழைய மோட்டார்சைக்கிளிலிருந்து கழற்றிய ரெண்டு வட்டக் கண்ணாடிச் சில்லுகளை மேலே பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினார். யாரும் கார் விடாதபடிக்கு, மண் கிளறுகிற மூன்று பல் முள்ளைப் பாறைக்குப் பக்கத்தில் நட்டார். ராத்திரிக்கு ஒரு விளக்கையும் அடியில் வைத்தார். செய்ததைத் தள்ளி நின்று பார்த்து, பாதுகாப்புன்னா இதுதான் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு போய்ப் படுத்தார்.

மஞ்சள் உடம்பு, சிவப்புப் பட்டை, மினுங்குகிற ரெண்டு கண், பக்கத்தில் சூலம், காலடியில் விளக்கு. மலேசியாவில் பிறந்த எந்தத் தமிழனும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவான் அது யாரென்று. சாம்பசிவத்துக்கு மட்டும் அது கல்லாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் பாறைமேல் ஒரு எலுமிச்சம்பழமும் சுருட்டும் இருந்தன. குப்பை போட்டது எவனென்று சாம்பசிவம் கொதித்தார். அதற்கடுத்த நாளிலிருந்து ஹாரன். வளைவில் திரும்புகிற ஒவ்வொரு காய்கறி லாரியும் வழிக்காவல் முனியாண்டிக்கு வணக்கம் வைக்கிற மாதிரி வேகம் குறைத்து, மூன்று தடவை அடித்துவிட்டுப் போனது. விடிவதற்கு முன்னால் ஆரம்பிக்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும், அலமாரியில் தட்டு அதிரும், சாம்பசிவத்தின் மண்டைக்குள் மூளை எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் விடியலில், திலகமும் நிபந்தனையும் மறந்துபோக, இடுப்பில் சாரத்தோடு வெற்றுடம்பாகத் தலைவிரிகோலமாக வெளியே ஓடினார். குளிர் உடம்பைப் பிடித்து உலுக்கியது. கைகால் எல்லாம் வெடவெடவென்று ஆட, துறைமுகத்தில் விட்டுவந்த அத்தனை வசவையும் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார்.

முன்னால் நின்ற லாரியிலிருந்து டிரைவர் தர்மா இறங்கினான். கீழே லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவன். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி நின்றான்.

"சாமி, தெரியாம ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"திரும்பிப் போடா" என்று கத்தினார் சாம்பசிவம். "இந்தப் பக்கம் தலைவச்சிப் படுத்தே, தொலைச்சிருவேன்."

தர்மா லாரியைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்கே போய்விட்டான். அன்றைக்கு மழையில் மேலே சாலையோரம் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. அவனுக்குப் பின்னால் வந்து, திட்டு வாங்காமல் மேலே போன லாரிகள் சாயங்காலம் வரை அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றன. தர்மாவின் கோஸ் மட்டும் வாடாமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது.

அவ்வளவுதான். சாமி திட்டித் தடுத்துக் காப்பாற்றியது என்ற சேதி மலையிலிருந்து இறங்கி, மறுபடி ஏறி, கியா பார்ம் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் வளைவில் கூட்டம். சாம்பசிவம் வெளியே வந்து, இது கல்லுடா, சாமி இல்லடா, எல்லாரும் ஓடுங்கடா என்று உறுமினார். கூட்டம் உருகிப்போய்விட்டது. இவ்வளவு உக்கிரமான சாமியை அவர்கள் பார்த்ததே இல்லை. பாறைக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்துத் தொலைக்கலாம் என்று பார்த்தார். அடித்து முடித்து உள்ளே போய்க் கையைக் கழுவி வருவதற்குள் எவனோ நல்ல மஞ்சளாக வாங்கிவந்து ரெண்டு கோட்டு பூசி, மேலே ஜிங் தகரக் கூரையும் போட்டிருந்தான்.

தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மீரான் பாய்தான் யோசனை சொன்னார். கோபம்தான் இங்க சரக்கு, சரக்கை நிறுத்துனா ஆள் வரமாட்டான் அண்ணே, பதமா நாலு வார்த்தை பேசி அனுப்புங்க லா என்றார். சாம்பசிவம் அன்று சாந்தமாக இருந்து பார்த்தார். வந்தவர்கள் முகம் சுண்டிப்போனது. சாமிக்குக் குறை வச்சிட்டோம் போல என்று சொல்லி, மறுநாள் இன்னும் பெரிய கூட்டத்தோடு வந்தார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கத்திய கத்தலுக்குத் தேயிலைச் செடியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதாம். இன்னும் நிமிரவில்லை.

இதையெல்லாம் போனில் திலகத்திடம் சொன்னார். வேறு வழியில்லை, ஹாரன் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. அதற்கு அவள், சண்டை போட்டிருந்தா சண்டை போட்டேன்னு சொல்லுங்க, அதுக்கு ஒரு சாமியை இழுக்காதீங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், சண்டை என்றால் அன்றைக்கே வீடு விற்கிற ஆளைக் கூப்பிடுவதாகவும் சொல்லிவிட்டு வைத்தாள்.

சாம்பசிவத்துக்கு அந்தச் சனிக்கிழமை சோறு இறங்கவில்லை. நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டாள், நம்புகிற மாதிரி எதைச் சொன்னாலும் அது சண்டை. எப்படிப் போனாலும் வீடு போச்சு. குளிரும் போச்சு.

ஞாயிறு மதியம் டாக்சி வளைவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதற்குமேல் லாரியும் காரும் அடைத்துக்கொண்டிருந்தன. கோலாலம்பூர் கார்களை விலகச் சொல்லி லாரிகள் ஹாரன் அடித்தன, சாமிக்கும் சேர்த்து அடித்தன. திலகம் பையைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தாள். இத்தனை நாளும் பேரப்பிள்ளையின் அழுகையில் தூங்காத கண்கள். மலைப்பாதையில் டாக்சி சுற்றிய சுற்றில் குமட்டல் வேறு. ஜிங் கூரையைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள். கேட்டில் வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டிருந்த புருஷனையும் பார்த்தாள். சரியாக அவள் காதோரம் ஒரு லாரி மூன்று தடவை அடித்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து குரல் உயர்த்தாத திலகம் பையைக் கீழே போட்டாள்.

"நிறுத்துடா" என்றாள். அந்தக் குரல் கேட்டு சாம்பசிவமே ஒரு அடி பின்னால் போனார். "மனுஷங்க குடியிருக்கிற இடமாடா இது, இல்ல லாரி ஸ்டேஷனா? மூணு வாரமா கண்ணு மூடலை நான். என் வீட்டுல வந்து தூங்கலாம்னு வந்தா, வாசல்ல நின்னு ஊளையா விடுறீங்க? இனிமே இந்த வளைவுல எவன் ஹாரன்ல கை வைக்கிறான்னு பாக்குறேன். எடுங்கடா எல்லா வண்டியையும்."

தர்மாதான் முதலில் தரையில் விழுந்தான்.

"ஆத்தா இறங்கிட்டா."

பிறகு நடந்தது, சாம்பசிவம் பெருக்கிச் சொல்ல அவசியமே இல்லாதது. லாரிகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் நகர்ந்தன. கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆத்தா தூங்குகிற வளைவு என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அங்கே ஒருவனும் ஹாரன் அடிப்பதில்லை. கியரைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

சாம்பசிவத்துக்குத்தான் ஆறவில்லை. இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேனே, எவனாவது கேட்டானா, இவ ஒரு தடவை கத்தினதுக்கு மலையே அடங்குதே என்று மறுநாள் காலை முழுக்கப் பொருமினார். பொருமிக்கொண்டே, அப்போ நேத்து சண்டை போட்டது யாரு என்று மெதுவாகக் கேட்டார். "என் வீடு"ன்னு சொன்னியே, அது எந்த வீடு என்றும் கேட்டார். காலை பத்து மணி வரை தூங்கியெழுந்த முகத்தோடு திலகம் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

துளசி போன் செய்தாள். அப்பா அளந்ததில் எவ்வளவு நிஜம், வீட்டை விற்கச் சொல்லி ஆள் பார்க்கவா என்று கேட்டாள். போன் சத்தமாக இருந்தது, சாம்பசிவத்துக்கும் கேட்டது. திலகம் ஜன்னல் வழியே வளைவைப் பார்த்தாள். ஒரு முட்டைகோஸ் லாரி திருடன் மாதிரி ஓசைப்படாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஆளெல்லாம் பாக்க வேணாம்டி" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "உங்கப்பா சொன்னதெல்லாம் நடந்ததுதான்."