புகை வரக் கூடாது

மூக்கன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். கார் அசைய மாட்டேன் என்றது. ஒழுங்கையின் அந்த முனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுவிட்டது.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? தள்ளு புள்ள!" என்று மனைவியை அதட்டினான்.

மீனம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கை கொடுத்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து உந்தியதில் அந்தச் சின்ன ஜப்பான் கார் உருண்டுபோய், வாகனம் திருத்தும் அவனுடைய கராச் கொட்டிலுக்குப் பின்னால் வாழைகளுக்கு நடுவில் நின்றது. மூக்கன் நெல்லுச் சாக்கு நாலை எடுத்து அதன் முதுகில் எறிந்தான். மோட்டார் சைக்கிள் வாசல் படலையைத் தாண்டி, திரும்பியும் பார்க்காமல் போனது.

"மாட்டு டாக்குத்தரு," என்றாள் மீனம்மா. "அவருக்குப் பயந்தா காரை ஒளிச்சீங்க?"

மூக்கன் சிரிக்கவில்லை. காரின் பின் சீற்றுக்குக் கீழே ஒரு கான் இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்ததிலிருந்து அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஐந்து போத்தல் பெற்றோல்.

யுத்தத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வருவது நின்று எட்டு வருடம். களவாய் வருவதை மருந்து மாதிரித்தான் பாவிப்பார்கள். சேலைன் ரியூப்பால் காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்புவது, எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. முத்தையன்கட்டு ஊரில் ஓடிய எல்லா வாகனமும் அப்படித்தான் ஓடியது. ராஜரத்தினம் வாடகைக்கு ஓட்டும் இந்த ஹயர் காரும் அப்படித்தான். ஜப்பான் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராமல் இடித்தபோது, ஹெட்டுக்குக் கீழே ஒரு கஸ்கெட்டுக்கு இரண்டு கஸ்கெட் வைத்து அமுக்கத்தைக் குறைத்துக் கொடுத்தவனே மூக்கன்தான். இடி நின்றது. கூடவே வேகமும் நின்றது. ராஜரத்தினம் கல்யாணத்துக்கும் வருத்தக்காரருக்கும் ஹயர் ஓடும்போது சைக்கிள்காரர்கள் பக்கத்தில் வந்து, "அண்ணை, கயிறு தாங்கோ, இழுத்துக்கொண்டு போறம்" என்பார்கள். மனிதர் கோபிக்கவே மாட்டார். ஹோர்ன் அடித்துச் சிரிப்பார்.

அந்த மனிதர்தான் நேற்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மூக்கன், ஒரு கஸ்கெட்டைக் கழட்டு. ஹெட்டையும் ஒரு மயிரிழை அராவி விடு. கார் அறுபதில பறக்கோணும்."

"அராவிப்புட்டா அப்புறம் மண்ணெண்ணெயில ஓடாதுங்க ஐயா. இடிச்சே எஞ்சின் செத்துப்போகும்."

"மண்ணெண்ணெய் ஆர் விடப்போறது?" அவர் கானைக் காட்டினார். "பின் கதவு இடுக்கு முழுக்க ரப்பர் வைச்சு அடை. அடித்தட்டில ஓட்டை இருந்தா அதையும் அடை. உள்ளுக்குப் புகை வரக் கூடாது. ஒரு பொட்டும் வரக் கூடாது."

"எங்கங்க ஐயா போறீங்க?"

"கேட்ட வேலையைச் செய். ஒருத்தருக்கும் மூச்சு விடாத."

போய்விட்டார். மூக்கனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வேகம், பெற்றோல், அடைத்த கதவு, ஒருத்தருக்கும் சொல்லாதே. இந்த நாலையும் எப்படிக் கூட்டினாலும் நல்ல விடை வரவில்லை. வவுனியாப் பக்கம் சாமான் கடத்தப் போகிறாரா? யாரையாவது ஒளித்துக் கொண்டுபோகப் போகிறாரா? ஐந்து போத்தல் பெற்றோலைச் சும்மா யார் கொடுப்பார்கள்? எந்த வேலைக்குக் கூலி அது? ஏதாவது ஒன்று வெடித்து விசாரணை என்று வந்தால் முதல் கேள்வி, காரை மாற்றிக் கொடுத்தது யார் என்பதாக இருக்கும். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஒரு சோற்றுப் பானையோடு வந்தபோது மூக்கனுக்குப் பதின்மூன்று வயது. இருபத்தொரு வருடம் போய்விட்டது. இன்றைக்கும் ஊரில் ஒரு தண்ணிப் பம்பி காணாமல் போனால் ஆட்கள் முதலில் எட்டிப் பார்ப்பது மலையகத்திலிருந்து வந்தவர்களுடைய குடிசை வரிசையைத்தான்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க," என்றாள் மீனம்மா.

"வேற கராச்சுக்குப் போவாரு. மாட்டிக்கிட்டா, மொதல்ல மூக்கன்கிட்டதான் குடுத்தேன்னுவாரு."

"அப்ப யாருகிட்டயாச்சும் போய்ச் சொல்லிடலாமா?"

"யாருகிட்ட?"

மீனம்மா அடுப்பை ஊதப் போனாள்.

காரை ஒளித்த அன்று பின்னேரமே, ரப்பரின் தடிப்புக் கேட்கிற சாட்டில் ராஜரத்தினத்தின் வீட்டுக்குச் சைக்கிளை விட்டான். முற்றத்தில் கதிரை போட்டு, இஸ்திரி போட்ட சேட்டோடு முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மடியில் தோல் பை. மூக்கனைக் கண்டதும் பேச்சு அறுந்தது. ராஜரத்தினத்தின் மனைவி சிவனேஸ்வரி படலைக்கே ஓடி வந்தாள். எந்த நாளும் "வா மூக்கன், இரு" என்கிற மனுசி, இன்றைக்கு வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப வரக் கூடாது மூக்கன். போ, போ. அவர் நாளைக்கு வருவார்."

வீட்டின் பக்க அறை யன்னல் அந்த வெயிலிலும் இறுக்கிச் சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள். இருமலை வாய்க்குள் அமுக்குகிற சத்தம் ஒன்று கேட்டது. அடைத்து வைத்திருக்கிறார்கள்! மூக்கன் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தான்.

வேலையைச் செய்தான். கஸ்கெட் ஒன்றைக் கழற்றினான், கண்ணாடியில் மணல்தாள் ஒட்டி ஹெட்டைத் தேய்த்தான், பழைய லொறி ரியூப்பை வெட்டிக் கதவு இடுக்கில் ஒட்டினான். ஒருவரும் இதுவரை வந்து கேட்காத வேலை. மூன்றாம் நாள் மத்தியானம் மீனம்மாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கொட்டில் தட்டியைச் சாத்திக்கொண்டு, அவர் சொல்லாத ஒரு காரியத்தையும் செய்தான். செய்து முடித்ததும் நெஞ்சு இலேசானது. இனி அவர் எங்கே போக நினைத்தாலும் தன் தலைக்கு வராது. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டான்.

நாலாம் நாள் காலை பத்து மணி. ராஜரத்தினம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கரியரில் மகள் கௌசலா. ஈரத் துவாய் முகத்தில். பின்னால் சிவனேஸ்வரி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். படலைக்கு வரும் முன்னே மூக்கனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சின்னத் துவாரத்தால் காற்றை இழுக்கிற மாதிரி ஒரு விசில். இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அந்தப் பெண்ணின் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின.

"கார் ரெடியோ?"

"ரெடிங்க ஐயா... புள்ளைக்கு என்னங்க?"

"மூச்சு முட்டு." சைக்கிளை அப்படியே விழ விட்டுவிட்டு மகளைத் தாங்கினார். "சின்னனில இருந்தே இருக்கு. பக்கத்து வயலில நெல்லுச் சூடடிக்கினம், தூசி ஏறிட்டுது. கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம், மூக்கன். முந்தநாள் வந்தவை மாப்பிள்ளை பகுதி. தொய்வுக்காரப் பெட்டை எண்டு தெரிஞ்சா எந்த வீட்டில எடுப்பினம்?"

"உதுகளை ஏன் இப்ப கதைக்கிறியள்?" என்று அழுதாள் சிவனேஸ்வரி. "பிள்ளையை ஏத்துங்கோ!"

அவர் கௌசலாவை முன் சீற்றில் இருத்தினார். அவள் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதடு நாவல்பழ நிறம்.

"போன வருச மாரிக்கு இப்பிடித்தான், இந்தக் காரிலதான் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டனான்." பேசிக்கொண்டே கானை இழுத்து எடுத்தார். "பாதி வழியில பிள்ளை நீலம் பாரிச்சுப் போச்சு. முட்டில்லை, இந்தக் காரின்ர மண்ணெண்ணெய்ப் புகை! நான் ஓட்டுற காரே என்ர பிள்ளையைக் கொல்லுது. காரைத் தெருவில விட்டுட்டு உழவு மிசின் பெட்டியில தூக்கி ஏத்தினனான். அண்டையில இருந்து பெற்றோல் சேர்க்கிறன். ஸ்டாட் பண்ண வாங்கேக்க ஒவ்வொரு ஹயர்க் காசிலயும் ஒரு மூடி கூட வாங்கினன். பதினாலு மாசம்."

"அப்பா..." கௌசலா ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாக இழுத்தாள். "கதைக்காதேங்கோ... போவம்..."

அவர் கானை உயர்த்தினார். மற்றக் கையால் புனலைக் காரின் பெற்றோல் தாங்கிக்குள் செருகினார். கானின் வாயில் முதல் சொட்டு திரண்டது.

மூக்கன் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஊத்தாதீங்க ஐயா."

"கையை எடு!"

மூக்கன் கையை எடுக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் புனலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கார் தூரம் போகக் கூடாதுன்னு நேத்து மத்தியானம் ரெண்டு போத்தல் மண்ணெண்ணெய அதுல கலந்துட்டேங்க. நான்தான் கலந்தேன்."