வெர்னா வாங்கிக்கொடுத்த தீர்ப்பு

"இல்லைங்க. எழுபத்தெட்டுலேர்ந்து எண்பத்தஞ்சு வரைக்கும் புரட்டிப் பாத்துட்டேன். டோலஃப்சன்னு ரெண்டு பேரு இருக்காங்க. ஆனா அர்விட் டோலஃப்சன் இல்ல" என்றாள் மாவட்டக் கோர்ட்டின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்.

ரோண்டா மேசையிலிருந்து கையை எடுக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டர்ல பிற்பாடு வந்த கேஸுங்கதான் இருக்கு. பழசுக்கெல்லாம் புத்தகந்தான். அதைத்தான் பாத்தேன். விவாகரத்து இந்தக் கவுண்டியிலதான் ஆச்சுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"கல்யாணம் இங்கதான ஆச்சு? மேட்டுமேல இருக்குற லூத்தரன் சர்ச்சுல."

"கல்யாணம் எங்க ஆனா என்னங்க. கேஸை எந்தக் கவுண்டி கோர்ட்டுல போட்டாங்களோ, கட்டு அங்கதான் இருக்கும். அந்த வருஷம் அவங்க எங்க குடியிருந்தாங்கன்னு கேட்டுப் பாருங்க."

கேட்பதென்றால் யாரைக் கேட்பது? அப்பா அர்விட்டிடம் நேற்றே கேட்டாகிவிட்டது. "இங்கதான்" என்றவர், மருந்து மயக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். காலையில் வந்த நர்ஸ் போர்வையை விலக்கி அவருடைய பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரோண்டாவைச் சமையலறைக்கு அழைத்துப்போய், "யாராவது வரணும்னா இன்னிக்கே வரச் சொல்லிடுங்க" என்று சொல்லியிருந்தாள்.

போன வாரம் மருத்துவமனையில் நடந்ததுதான் இதற்கெல்லாம் காரணம். அர்விட்டும் லோயிஸும் ஒரே வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள். அவர் பால் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவள். ஒருமுறை அவர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு எஞ்சினைத் திறந்து பாக்கணும்?" என்று சிரித்துத் தள்ளிவிட்டாளாம். மருத்துவமனையில் யாரோ ஒருத்தி அட்டையும் பேனாவுமாக வந்து, "நீங்க இவருக்கு யாரு?" என்று கேட்டாள். லோயிஸ் கொஞ்சம் தடுமாறி, "தெரிஞ்சவ" என்றாள். கட்டிலில் கண்மூடிக் கிடந்தவரின் காதில் அது விழுந்துவிட்டது. இனி வைத்தியம் வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட முதல் மாலையே, அவர் ரோண்டாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இவளைக் கல்யாணம் பண்ணிக்கணும். என்னென்ன வேணுமோ பாரு."

வேண்டியது ஒன்றுதான். பழைய கல்யாணம் முறைப்படி முடிந்தது என்பதற்குக் கோர்ட் முத்திரை வைத்த தீர்ப்பின் நகல். கல்யாண லைசென்ஸ் கொடுக்கிற அம்மாள் நல்லவள். "இத்தனை நாள் காத்திருக்கணும்ங்குற விதியை எல்லாம் நான் தளர்த்திக்கிறேன். வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன். ஆனா அந்தப் பேப்பர் இல்லாம மட்டும் என்னால முடியாது, கண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

கோர்ட் படிக்கட்டில் நின்று ரோண்டா அம்மா வெர்னாவுக்கு ஃபோன் போட்டாள். அம்மாவிடம் இந்தச் சங்கதியைச் சொல்லவே இல்லை. அவளும் அப்பாவும் சண்டைக்காரர்கள் இல்லை. பேரப்பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு இருவரும் வருவார்கள். சர்ச்சின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். அவ்வளவுதான்.

"அம்மா, உனக்கும் அப்பாவுக்கும் விவாகரத்து எந்த ஊர்ல ஆச்சு?"

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன், விவாகரத்து வேணாம்னு திருப்பிக் குடுக்கப் போறானா?"

ரோண்டா விஷயத்தைச் சொன்னாள். குழாய் நின்றது.

"எப்படி இருக்கான்?"

"கால் ரெண்டும் சில்லுனு ஆயிடுச்சும்மா."

"ம். உங்கப்பன் சொன்ன கவுண்டி தப்பு. அந்தக் குளிர்காலம் நாம ஹார்லன் கவுண்டியில இருந்தோம். சீஸ் ஃபேக்டரிக்குப் பால் ஏத்திக்கிட்டிருந்தான். உனக்கு ஒம்போது வயசு, அம்மை போட்டிருந்துது. அவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? கோர்ட்டுக்கே அவன் வரல. நான் மட்டுந்தான் ஜட்ஜ் முன்னாடி நின்னேன்."

"சரி, நான் ஹார்லனுக்குக் கிளம்புறேன்."

"வா. நானும் வர்றேன். எனக்கு இங்கேர்ந்து பக்கந்தான்."

"நீ எதுக்கும்மா?"

"கேஸுல பேர் இருக்குறவ நான்டி. எனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?"

அறுவடை முடிந்த சோளக்காடுகளுக்கு நடுவே ரோண்டா வண்டியை விரட்டிக்கொண்டு போனாள். ஹார்லன் கோர்ட் வாசலில் வெர்னா முந்திக்கொண்டு நின்றிருந்தாள். நல்ல நாளுக்குப் போடும் நீலக் கோட்டும் உதட்டுச் சாயமுமாக இருந்தாள்.

"எதுக்கு இந்த அலங்காரம்?"

"போன தடவை வந்தப்போ அழுது வீங்குன மூஞ்சியோட வந்தேன். இந்தத் தடவையாவது பாக்குற மாதிரி இருக்க வேணாமா?"

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மீசை நரைத்த மனிதர். விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அந்த வருஷத்துக் கட்டெல்லாம் கீழ, நிலவறையில கிடக்கு. அதுக்குன்னு ஒரு பையன் இருக்கான். திங்கட்கிழமைதான் வருவான். எடுத்துத் தபால்ல அனுப்பிடுறோம்."

"அந்த மனுஷனுக்குத் திங்கட்கிழமை வராது" என்றாள் வெர்னா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?"

"இதுல இருக்கானே, அர்விட். அவனுக்கு."

"நீங்க அவருக்கு..."

"பழைய பொண்டாட்டி."

"இந்த நகல் எதுக்கு வேணும்னு தெரிஞ்சுக்கலாமா?"

"அவனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கத்தான்."

மீசைக்காரர் வெர்னாவையும் ரோண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். வெர்னா தன் அடையாள அட்டையை எடுத்து, அவர் கேட்காமலே மேசைமேல் வைத்தாள். அவர் இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தார். "உக்காருங்க. வழக்கு எண் இல்லாம தேடணும், கொஞ்சம் நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அலுவலகம் மூடும் நேரம் நெருங்கியது. பக்கத்து அறைகளில் விளக்குகள் அணைந்தன. வெர்னா கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து மகளிடம் நீட்டினாள். இருவரும் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனிதர் தூசி படிந்த சட்டையோடு மேலே வந்தபோது ரோண்டாவுக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் நகலெடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, கையெழுத்திட்டு, முத்திரைக் கருவியை இரண்டு கையாலும் அழுத்தினார்.

காரில் போகும்போது வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தாள். "தையல் மெஷின் மனைவிக்கு. படகும் ரெண்டு துப்பாக்கியும் கணவனுக்கு. அந்தப் படகு ஒழுகும்டி. அதுக்கா நாங்க அவ்வளவு சண்டை போட்டோம்?" என்று சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு தாள்களை மடியில் வைத்து நீவிவிட்டுக்கொண்டே வந்தாள்.

"உன்னை வீட்டுல விட்டுட்டுப் போகவாம்மா?" என்று ரோண்டா கேட்டாள்.

"என் வண்டி கோர்ட் வாசல்ல நிக்குதே, இப்பத்தான் ஞாபகம் வந்துதா? நேரா போ."

லோயிஸ் கதவைத் திறந்தபோது கையில் ஈரத் துண்டு இருந்தது. வெர்னாவைக் கண்டதும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். இருவரும் அதற்குமுன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"பேப்பர் கொண்டாந்திருக்கேன்" என்றாள் வெர்னா.

"உள்ள வாங்க" என்று லோயிஸ் வழிவிட்டாள். "காப்பி போட்டிருக்கேன்."

லைசென்ஸ் அம்மாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். பாஸ்டர் பின்னாலேயே வந்தார். மேற்குச் சன்னலில் வெயில் இன்னும் இருந்தது. லோயிஸ் தலையை வாரி, பச்சை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கட்டிலின் ஓரமாக உட்கார்ந்தாள். ரோண்டா அப்பாவின் தலைக்குக் கீழே இன்னொரு தலையணையைச் சொருகினாள்.

அர்விட் கண்ணைத் திறந்து, கால்மாட்டில் நின்ற நீலக் கோட்டைப் பார்த்தார். "வெர்னா? நீ எப்படி இங்க?"

"வந்தேன். இந்தத் தடவையும் கோர்ட்டுக்கு நாந்தான் போக வேண்டியிருந்துச்சு. நீதான் வர மாட்டியே."

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புத்தான். "அன்னிக்கு வந்திருக்கணும்" என்றார்.

"வந்திருந்தா அந்தப் படகையும் நானே வாங்கியிருப்பேன். பேசாம படு. பாஸ்டருக்கு நேரமாகுது."

பாஸ்டர் கேட்டதற்கெல்லாம் அர்விட் தெளிவாகவே பதில் சொன்னார். லோயிஸ்தான் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். கையெழுத்துப் போடும்போது அவர் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார் பாஸ்டர். ரோண்டா போட்டாள். இன்னொருவர் யாரென்று அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். லைசென்ஸ் அம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"பேனாவைக் குடுங்க" என்றாள் வெர்னா.

இரவில் அவர் அமைதியாகத் தூங்கினார். விடியற்காலையில், வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. லோயிஸ் அவர் பக்கத்திலேயே, போர்வைக்கு மேல் படுத்திருந்தாள். ரோண்டா நாற்காலியில் இருந்தாள். வெர்னாவும் வீட்டுக்குப் போகாமல் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த மூச்சு வரவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் மூவரில் யாரும் கொஞ்ச நேரம் அசையவில்லை. அடக்க நிலையத்துக்காரன் வந்து, உறவுமுறை என்ன என்று கேட்டபோது, லோயிஸ் சட்டென்று, "பொண்டாட்டி" என்றாள். சொல்லிவிட்டு முகம் சிவந்தாள்.

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. சர்ச்சின் கீழ்க்கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்குப் பொரியலும் காப்பியும் வைத்திருந்தார்கள். வெர்னாவும் லோயிஸும் ஒரே மேசையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு யார் கையைப் பிடிப்பதென்று குழப்பம். பக்கத்துப் பண்ணைக் கிழவர் ஒருவர் பழக்கத்தில் வெர்னா கையைப் பிடித்துவிட்டார்.

"எனக்கில்ல, இவளுக்கு" என்று வெர்னா அவர் கையை எடுத்து லோயிஸ் பக்கம் திருப்பிவிட்டாள். "நான் சும்மா சாப்பாட்டுக்கு வந்தவ."

கிழவர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். லோயிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அது அழுகையானது. வெர்னா தன் தட்டிலிருந்த காகிதக் கைக்குட்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தொடர்ந்து சாப்பிட்டாள்.

"ஏம்மா லோயிஸ், இவ்வளவு நாளா அவன் குறட்டையில எப்படித் தூங்குன?"

"குறட்டையா? என் காது ஒண்ணு சரியாக் கேக்காது. அந்தப் பக்கமாத்தான் அவரைப் படுக்க வைப்பேன்."

"எனக்கு ரெண்டும் கேட்டுச்சே. அங்கதான் எங்க கல்யாணம் போச்சு" என்றாள் வெர்னா.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, மீந்த பூச்சாடிகளை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். வெர்னா தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். லோயிஸ் முன்னால் ஏறினாள். ரோண்டாவுக்குப் பின்சீட்டில், இரண்டு பக்கமும் சாமந்திச் சாடிகளுக்கு நடுவேதான் இடம் கிடைத்தது. சின்ன வயதுக்குப் பிறகு அவள் இப்படிப் பின்னால் உட்கார்ந்து போனதில்லை.

"ரேடியோ போடவா?" என்று வெர்னா கேட்டாள்.

"போடுங்களேன்" என்றாள் லோயிஸ்.

வெர்னா எப்போதும்போல் மெதுவாகத்தான் ஓட்டினாள். பின்னால் ஒரு டிராக்டர் பொறுமையாக வந்துகொண்டிருந்தது. முன்னால் இரண்டு நரைத்த தலைகளும் வானிலைச் செய்தியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டன. வளைவு வந்தது. ரோண்டா இரண்டு கைகளாலும் சாடிகளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.